மலைக்கு என்ன நிறம்? குழந்தைகளுக்கு இம்ப்ரஷனிச ஓவியத்தைக் கைவழியே கற்பிப்பது பற்றி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு குழந்தையிடம் தாளைக் கொடுத்து ‘இயற்கைக் காட்சி வரை’ என்று சொன்னால், பெரும்பாலும் எல்லோரும் அறிந்த அந்த ஒரே படம்தான் வரும். இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் இடுக்கில் கதிர்களோடு பாதிச் சூரியன், மலையடியிலிருந்து அகன்றுகொண்டே வரும் ஆறு, கரையில் ஒரு கூரை வீடு, அதன் பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் நான்கைந்து வளைகோட்டுப் பறவைகள். மலை பச்சை, ஆறு நீலம், சூரியன் சிவப்பு. தமிழ்நாடு முழுவதும் இதுவே வரையப்படுகிறது என்றாலும் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அது சற்றுக் கூடுதலாக உறுத்துகிறது. இங்கே பல ஊர்களில் வகுப்பறைச் சன்னலைத் திறந்தாலே மலை தெரியும். அப்படித் தெரியும் மலை முக்கோணமாக இருப்பது அரிது, ஆண்டின் பெரும்பகுதியில் அது பச்சையாக இருப்பதும் அரிது. கிருஷ்ணகிரி நகரை ஒட்டி நிற்கும் சையத் பாஷா மலை வெறும் பாறைத் திரள். காலையில் அது ஒரு நிறம், மழை நின்றபின் வேறொரு நிறம். நாள்தோறும் அதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வரும் குழந்தை, தாளைக் கண்டவுடன் அதை மறந்துவிட்டு, யாரோ கற்றுக்கொடுத்த மலையை வரைகிறது.

150 ஆண்டுகளுக்கு முன் பாரிஸில் எழுந்த ஓர் ஓவிய இயக்கத்தை இந்த மாவட்டக் குழந்தைகளுக்கு ஏன் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டால், இந்த முக்கோண மலையைத்தான் பதிலாகக் காட்ட வேண்டியிருக்கிறது. இம்ப்ரஷனிசம் கற்பிக்கத் தகுந்ததாக இருப்பது அதன் புகழாலோ அழகாலோ அன்று. மனப்பாடமான படத்தைக் கைவிட்டு, இந்த நேரத்தில் இந்த இடத்தில் கண்ணுக்கு உண்மையில் என்ன தெரிகிறது என்று பார்க்கும் பழக்கத்தை அது வேலைமுறையாகவே வைத்திருந்தது. ஆனால் இப்போது ஓவிய வகுப்புகளில் இது பெரும்பாலும் வேறுவிதமாக நடக்கிறது. இந்த இயக்கத்தின் முன்னணி ஓவியரான மோனேயின் அல்லிக்குளப் படத்தை அச்சிட்டு நடுவில் வைத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியை வண்ணத்தில் தோய்த்துப் புள்ளி புள்ளியாகக் குழந்தைகளை ஒற்றச் சொல்கிறார்கள். வரும் படம் பார்க்க நன்றாகவே இருக்கும், பெற்றோரும் மகிழ்ச்சியோடு வாட்சப்பில் பகிர்வார்கள். ஆயினும் முக்கோண மலைக்குப் பதிலாக அல்லிக்குளம் என்ற இன்னொரு மனப்பாடப் படம் சேர்ந்திருக்கிறதே தவிர, பார்க்கும் முறையில் மாற்றம் ஏதும் நிகழ்ந்திருக்காது.

இயக்கத்தின் வரலாற்றைக் குழந்தைகளுக்குச் சொல்வது எளிது, ஏனெனில் அதில் நல்ல கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் ஓர் ஓவியர் பெயரெடுக்க வேண்டுமானால் ‘சலோன்’ என்னும் அரசு சார்ந்த கண்காட்சியில் அவருடைய படம் இடம்பெற வேண்டும். அதன் தேர்வுக்குழு புராணக் காட்சிகளையும் வரலாற்றுக் காட்சிகளையும் தூரிகைத் தடம் தெரியாமல் வழவழப்பாகத் தீட்டிய படங்களையே விரும்பியது. 1863ஆம் ஆண்டில் ஏராளமான படங்கள் நிராகரிக்கப்பட்டு எதிர்ப்பு எழுந்தபோது, பேரரசர் மூன்றாம் நெப்போலியனே தலையிட்டு நிராகரிக்கப்பட்டவற்றுக்குத் தனிக் கண்காட்சி நடத்தச் சொன்னார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1874 ஏப்ரல் 15 அன்று, ஏறத்தாழ முப்பது ஓவியர்கள் தேர்வுக்குழுவே இல்லாமல் தாங்களே ஒரு கண்காட்சியைத் திறந்தார்கள். நாடார் என்ற பெயரில் புகழ்பெற்றிருந்த புகைப்படக்காரரின் பழைய நிழற்படக்கூடமே அதற்கு இடமானது. (நம் ஊர்க் குழந்தைகள் அந்தப் பெயரைக் கேட்டவுடன் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அவருடைய உண்மையான பெயர் வேறு.) மோனே, ரெனுவார், பிஸ்ஸாரோ, சிஸ்லி, தெகா, பெர்த் மொரிசோ ஆகியோர் அங்கே இருந்தார்கள். லெ ஆவ்ர் துறைமுகத்தின் விடியலைக் காட்டும் மோனேயின் ‘இம்ப்ரஷன், சூரியோதயம்’ என்ற படத்தின் தலைப்பைக் கேலி செய்து லூயி லெருவா என்ற விமர்சகர் எழுத, கேலிப்பெயரே இயக்கத்தின் பெயராக நிலைத்தது. 1886க்குள் இக்குழு மொத்தம் எட்டுக் கண்காட்சிகளை நடத்தியது; எட்டிலும் படம் வைத்தவர் பிஸ்ஸாரோ ஒருவரே.

கதையோடு ஓர் அளவையும் சொல்வது நல்லது. அந்தப் புகழ்பெற்ற சூரியோதயப் படம் 48 செ.மீ. உயரமும் 63 செ.மீ. அகலமும் கொண்டது. கடையில் வாங்கும் முழு சார்ட் தாளைவிடச் சற்றுச் சிறியது. சார்ட் தாளில் அந்த அளவைக் கோடிட்டுக் காட்டினால், திரையில் சுவரளவுக்குப் படத்தைப் பார்த்த குழந்தைகளுக்கு அது தாங்களும் செய்யக்கூடிய வேலையின் அளவு என்று புரியும்.

இந்த ஓவியர்கள் திறந்தவெளியில் நின்று தீட்டத் துணிந்ததற்கு மனத்துணிவு மட்டும் காரணமன்று, பொருள்களும் காரணம். அதற்கு முன்னும் ஓவியர்கள் வெளியே சென்று சிறு படங்கள் தீட்டியதுண்டு. ஆனால் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது; அது வெடிக்கும், காய்ந்தும் போகும். 1841இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கி மூடக்கூடிய தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் பற்பசை பிதுக்கும் குழாயின் முன்னோடி அது. உலோகப் பட்டையால் இறுக்கிய தட்டைத் தூரிகைகள் பரவியதால் பட்டையாக, சதுரமாக வண்ணம் வைக்க முடிந்தது. வேதியியல் வளர்ந்ததால் கோபால்ட் நீலம், செயற்கை அல்ட்ராமரைன், குரோம் மஞ்சள், விரிடியன் பச்சை போன்ற அடர்த்தியான வண்ணங்கள் கடையில் கிடைத்தன. பாரிஸிலிருந்து புறப்பட்ட ரயில் காலையில் ஆற்றங்கரையில் இறக்கிவிட்டு மாலையில் திரும்ப அழைத்துவந்தது. குழந்தைகள் கையில் ஒரு வண்ணக் குழாயையும், காய்ந்து வெடித்த பழைய வண்ணக் கட்டியையும் கொடுத்து இரண்டிலும் ஒரே பத்து நிமிடத்தில் தீட்டச் சொன்னால், தொழில்நுட்பம் கலையை எப்படி நகர்த்தியது என்பதைத் தனியாக விளக்க வேண்டியிராது.

கற்பித்தலின் மையம் எது என்பதற்கு மோனேயிடமிருந்தே ஒரு குறிப்பு கிடைக்கிறது. பிரான்சில் மோனே வாழ்ந்த ஜிவெர்னி என்ற ஊரில் அவருக்கு அண்டைவீட்டுக்காரராகப் பல கோடைகளைக் கழித்த அமெரிக்க ஓவியர் லில்லா கேபட் பெர்ரி தம் நினைவுக் குறிப்பில் மோனே தந்த அறிவுரையைப் பதிவு செய்திருக்கிறார். வெளியே தீட்டப் போகும்போது எதிரே இருப்பது மரமா வீடா வயலா என்பதை மறந்துவிட வேண்டும். இங்கே ஒரு நீலச் சதுரம், அங்கே ஒரு இளஞ்சிவப்பு நீள்சதுரம், இதோ ஒரு மஞ்சள் கீற்று என்று மட்டுமே எண்ணி அப்படியே வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதைவிடத் தெளிவான பாடத்திட்டம் தேவையில்லை. ‘மலை’ என்ற எண்ணம் வந்தவுடன் கை முக்கோணத்துக்கும் பச்சைக்கும் போகிறது. ‘வானத்துக்குக் கீழே ஒரு சாம்பல்கலந்த ஊதாத் திட்டு’ என்று எண்ணினால் கை அந்தத் திட்டைத் தேடத் தொடங்குகிறது.

இதை எந்த வயதில் தொடங்கலாம் என்பதில் அவசரம் கூடாது. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில், சுமார் ஏழு முதல் ஒன்பது வயது வரை குழந்தைகள் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலையான வடிவத்தை உருவாக்கிக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வரைவதை ஒரு வளர்ச்சிக் கட்டமாகவே விளக்கியிருக்கிறார். அந்த வயதில் மலை பச்சை என்பது பிழையில்லை. உலகத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் அறிவு. அதைக் கலைக்க முயல்வது வீண். ஒன்பது, பத்து வயதுக்கு மேல்தான் ‘நான் வரைவது உண்மையில் இருப்பதைப்போல் இல்லையே’ என்ற குறை குழந்தைக்கே தோன்றுகிறது. பலர் ஓவியத்தைக் கைவிடுவதும் அப்போதுதான். ஆகவே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளே இதற்கு ஏற்றவை. சிறியவர்களுக்கு வண்ணம் கலக்கும் விளையாட்டு மட்டும் போதும்.

நம்மிடம் இதற்கு ஓர் ஆயத்தம் ஏற்கெனவே உண்டு. பழந்தமிழ் இலக்கணம் நிலத்தைத் தனியாகப் பேசுவதில்லை. நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. நாளைக் காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்று ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்து, முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், பாலைக்கு நண்பகல் என்று நிலத்தையும் நேரத்தையும் பிணைத்தது. உயர்நிலை வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்யும் மாணவருக்கு, அது வெளியே நின்று பார்க்கத்தக்க ஒன்று என்று தோன்றுவதில்லை. தகடூர் என்று முன்னர் வழங்கிய இந்தத் தருமபுரி வட்டாரக் குழந்தைக்கு ‘இடம் ஒன்று, பொழுது வேறு, ஆகவே காட்சியும் வேறு’ என்ற கருத்தை பிரான்சிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை; தமிழாசிரியரும் ஓவிய ஆசிரியரும் ஒரு மணி நேரம் சேர்ந்து வகுப்பெடுத்தால் போதும்.

இனி, முக்கியப் பயிற்சி. ஒரே மலையை ஒரே இடத்தில் நின்று மூன்று பொழுதில் தீட்டுவது. கிருஷ்ணகிரியில் இருப்பவர்களுக்கு சையத் பாஷா மலை, தருமபுரிப் பக்கத்தில் ஊருக்கு ஏற்ற ஏதேனும் ஒரு குன்று, அரூர்ப் பகுதியில் தீர்த்தமலை என எதுவும் ஆகலாம். தண்ணீர் வேண்டுமென்றால் கே.ஆர்.பி. அணை எனப்படும் கிருஷ்ணகிரி அணையின் நீர்த்தேக்கம் இருக்கிறது. சார்ட் தாளை எட்டாக வெட்டிய துண்டுகள் போதும். ஒவ்வொரு துண்டுக்கும் இருபது, இருபத்தைந்து நிமிடங்களுக்கு மேல் தரக்கூடாது. பென்சில், ரப்பர், ஸ்கேல் மூன்றும் பையிலேயே இருக்க வேண்டும், ஏனெனில் எல்லைக்கோடு போட்ட மறுகணமே வண்ணம் அந்தக் கோட்டுக்குள் நிரப்பப்படும் பொருளாகிவிடும். தூரிகையால் நேராகத் தொடங்க வேண்டும். முதலில் வானத்தின் திட்டு, பிறகு மலையின் திட்டு, பிறகு முன்னால் இருக்கும் நிலம். நேரம் முடிந்ததும் படம் எந்த நிலையில் இருந்தாலும் தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும். குழந்தைகள் இதற்கு மிகவும் முரண்டு பிடிப்பார்கள். ஆனால் நேர வரம்பு இல்லையென்றால் இந்தப் பயிற்சிக்கே பொருளில்லை. மோனே 1891இல் தீட்டிய பாப்லர் மரவரிசைப் படங்களில் ஒன்றுக்கான ஒளி ஏழு நிமிடங்கள் மட்டுமே நிலைத்தது என்று அதே பெர்ரி எழுதியிருக்கிறார். அந்த ஒளி போனதும் மோனே அடுத்த கித்தானை எடுத்துக்கொள்வார்.

காலை ஏழு மணியளவில் கிழக்கு முகப் பாறைகள் செம்மஞ்சளாக ஒளிரும், பிளவுகளில் நீலம் பாயும். சூரியன் தாழ்வாக இருக்கையில் ஒளி காற்று மண்டலத்தில் நீண்ட தொலைவு பயணம் செய்கிறது. வழியில் நீலப் பகுதி சிதறிப்போக, எஞ்சிய வெதுவெதுப்பான நிறம் பாறைமேல் விழுகிறது. நேரடி ஒளி படாத பிளவுகளுக்கோ வானத்தின் நீல ஒளி மட்டுமே கிடைக்கிறது. தொலைவில் உள்ள மலை அருகில் உள்ளதைவிட நீலமாகத் தெரிவதும் இதே சிதறலால்தான். நமக்கும் மலைக்கும் இடையே உள்ள காற்று தன் நீலத்தை அதன்மேல் சேர்க்கிறது. ‘தூரத்து மலைக்கு வெள்ளையும் நீலமும் கூட்டு’ என்று ஆசிரியர் விதியாகச் சொல்வதற்கு முன் குழந்தை அதைத் தானே கண்டுவிட்டால், அறிவியல் வகுப்பில் ஒளிச்சிதறல் வரும்போது அது அந்நியமாக இருக்காது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும், புத்தகங்களில் இதைப் பெரும்பாலும் காண முடிவதில்லை. ஜிவெர்னி ஏறத்தாழ 49 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே கோடையிலும் சூரியன் உச்சிக்கு வருவதில்லை, நாள் முழுதும் நிழல் சாய்ந்தே விழும். கிருஷ்ணகிரி 12.5 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கும். நிழல் காலடியில் சுருங்க, நிறங்கள் வெளிறிப்போக, மலை தட்டையான அட்டையாகத் தெரியும். மோனேவுக்கும் தெற்கத்திய ஒளி எளிதாக இருக்கவில்லை; 1884இல் இத்தாலியின் போர்திகேராவில் மத்தியதரைக்கடல் ஒளியைப் பிடிக்க அவர் திணறியதை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. ஆகவே நண்பகல் படத்தை வராந்தா நிழலில் உட்கார்ந்து தீட்டச் சொல்ல வேண்டும். அது மூன்றிலும் சுமாராக வரும் என்று முன்னரே சொல்லிவிடுவதும் நல்லது. சுமாராக வந்த அந்தப் படம்தான் நிறத்தை உண்டாக்குவது பொருளா ஒளியா என்ற கேள்வியைக் குழந்தையிடம் எழுப்புகிறது.

வண்ணங்களில் எண்ணெய் வண்ணம் வேண்டாம். டர்பன்டைன் நெடியும் காயும் நேரமும் பள்ளிக்கு ஒத்துவராது. அக்ரிலிக் இந்த வெயிலில் தட்டிலேயே இறுகித் தூரிகையையும் கெடுத்துவிடும். போஸ்டர் கலரே போதும். காய்ந்தபின் சற்று வெளிறும் என்பதை மட்டும் முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். லெமன் எல்லோ, குரோம் எல்லோ, வெர்மிலியன், கிரிம்சன், அல்ட்ராமரைன், கோபால்ட் ப்ளூ, நிறைய வெள்ளை. பெட்டியில் இருக்கும் கறுப்பை ஆசிரியர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கறுப்பு கையில் இருக்கும்வரை நிழல் கறுப்பாகத்தான் தீட்டப்படும். தூரிகை தட்டையாகவும் முரடாகவும் இருக்கட்டும்; மெல்லிய கூர்முனைத் தூரிகை குழந்தையை மீண்டும் கோட்டுக்கே இழுத்துச் செல்லும்.

நிழல் கறுப்பில்லை என்பதைச் சொல்லிப் பயனில்லை, காட்ட வேண்டும். வானம் தெளிவாக இருக்கும் ஒரு மாலை நான்கரை மணிக்கு வெள்ளைச் சார்ட்டை மைதானத்தில் விரித்து அதன்மேல் ஒரு ஜாமெட்ரி பாக்ஸை நிறுத்தினால் நீளமான நிழல் விழும். தாளைக் குழாயாகச் சுருட்டி, ஒரு கண்ணை மூடி, குழாய் வழியே நிழலை மட்டும் பார்த்தால் அது நீலம் தோய்ந்திருப்பது தெரியும். சூரியனின் மஞ்சள் ஒளி மறிக்கப்பட்ட இடத்தில் வானத்தின் நீல ஒளி மட்டுமே எஞ்சுகிறது என்பதே காரணம். ஆனால் கண்ணின் பங்கும் இதில் உண்டு. பாரிஸின் கோபலென் சித்திரக் கம்பள ஆலையில் சாயப் பிரிவை நிர்வகித்த வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரலிடம், கறுப்புச் சாயம் வலுவில்லாமல் இருப்பதாகப் புகார் வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் இருந்த நீல இழைகளே கறுப்பை மங்கலாகக் காட்டின. அடுத்தடுத்து வைத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பதை விளக்கி அவர் 1839இல் வெளியிட்ட நூல் அடுத்த தலைமுறை ஓவியர்களிடையே பரவலாக அறியப்பட்டது. நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரியாத செய்தியில்லை. ரவிக்கைத் துணியைத் தனியாகப் பார்த்து எடுக்காமல் புடவைமேல் விரித்துப் பார்த்தே எடுக்கிறார்கள். வகுப்பில் ஒரே சாம்பல்நிறத் துண்டுகளில் ஒன்றை ஆரஞ்சுத் தாளின்மேலும் ஒன்றை நீலத் தாளின்மேலும் ஒட்டினால், முதலாவது நீலம் பாய்ந்ததாகவும் இரண்டாவது செம்மை பாய்ந்ததாகவும் தோன்றும். ஒரே துண்டை வெட்டியதுதான் என்று நிரூபிக்கக் குழந்தைகள் ஆசிரியரை விடமாட்டார்கள்.

இந்த இடத்தில், இம்ப்ரஷனிசம் பற்றிப் பல பாடக்குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தவற்றைக் களைய வேண்டியிருக்கிறது. மஞ்சள் புள்ளியையும் நீலப் புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தூரத்திலிருந்து கண் அவற்றைக் கலந்து பச்சையாகக் காணும் என்கிறார்கள். தட்டில் நீல வண்ணக் குழம்பையும் மஞ்சள் வண்ணக் குழம்பையும் கலந்தால் பச்சை வருவது உண்மை. அங்கே ஒவ்வொரு வண்ணமும் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிட, இரண்டும் விழுங்காத பச்சைப் பகுதி எஞ்சுகிறது. கண்ணில் நிகழும் கலப்போ ஒளிகளின் சராசரி. அதில் நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் சாம்பல் போன்ற மங்கிய நிறமே கிடைக்கும். இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1850களில் வண்ணத் தாள் பொருத்திய பம்பரத்தைச் சுழற்றி இதைக் காட்டினார். நமக்கும் பம்பரத்துக்குப் பஞ்சமில்லை. பம்பரத்தின் தலையில் பாதி நீலமும் பாதி மஞ்சளுமான அட்டை வட்டத்தை ஒட்டிச் சுழற்றட்டும். பச்சை வரும் என்று அடித்துச் சொன்னவர்கள் அனைவரும் வாயடைத்துப் போவார்கள். மோனேயும் பிஸ்ஸாரோவும் இலைகளுக்குப் பச்சை வண்ணத்தையே வாங்கினார்கள், தட்டிலும் கலந்தார்கள். தூரிகைத் திட்டுகளைப் பிரித்து வைத்ததன் பயன் வேறு: ஒவ்வொரு திட்டும் தன் அடர்த்தியை இழக்காமல் பக்கத்துத் திட்டை உசுப்பிவிடுகிறது, பார்க்கும் கண்ணுக்கு மேற்பரப்பு அசைவதைப்போல் இருக்கிறது.

கண்ணின் விந்தைக்கு இன்னொரு சான்று கைப்பேசியிலேயே இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன், மோனேயின் சூரியோதயப் படத்தில் செம்மஞ்சள் சூரியனும் அதைச் சூழ்ந்த சாம்பல் வானமும் ஏறத்தாழ ஒரே ஒளிர்வு கொண்டவை என்று சுட்டிக்காட்டினார். படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றினால் சூரியன் கிட்டத்தட்ட மறைந்துவிடும். இடத்தையும் அசைவையும் அறியும் மூளைப்பகுதி நிறத்தைப் பொருட்படுத்தாமல் ஒளிர்வு வேறுபாட்டையே நம்பியிருப்பதால், அந்தச் சூரியன் நிலைகொள்ளாமல் துடிப்பதாகத் தோன்றுகிறது என்பது அவருடைய விளக்கம். ஆசிரியரின் கைப்பேசியில் படத்தை இறக்கிக் கறுப்பு-வெள்ளை ஃபில்டரைத் தட்டினால் போதும். பிறகு ஒவ்வொரு குழந்தையும் தன் மலைப்படத்தையும் அப்படி மாற்றிப் பார்க்கத் துடிக்கும். வானமும் மலையும் ஒன்றாகிப்போன படங்களையும் தனித்து நின்ற படங்களையும் ஒப்பிட்டால், நிறம் வேறு, ஒளிர்வு வேறு என்பது புரிந்துவிடும்.

தை மாதம் இதற்கு மிகவும் தோதானது. வெயில் கடுமையாக இருக்காது, பனிமூட்டம் இருக்கும், ராகியும் நெல்லும் அறுத்த நிலங்களில் வைக்கோல் போர்கள் நிற்கும். 1890, 1891 ஆண்டுகளில் மோனே தம் வீட்டருகே வயலில் நின்ற தானியப் போர்களை ஏறத்தாழ 25 படங்களாகத் தீட்டினார்; 1891 மே மாதம் அவற்றில் 15ஐ பாரிஸில் டுரான்ட்-ருயேல் காட்சிக்கூடத்தில் ஒன்றாக மாட்டினார். போரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கும் குழந்தையிடம் அந்த வரிசையைக் காட்டலாம்: பனி போர்த்திய போர், மாலைச் சிவப்பில் எரியும் போர், மூடுபனியில் கரைந்த போர். பாப்லர் மரங்களின் கதையையும் உடன் சொல்ல வேண்டும். தீட்டிக்கொண்டிருந்தபோதே அந்த மரங்களை ஊராட்சி ஏலத்துக்குக் கொண்டுவந்தது. மோனே ஒரு மர வணிகரோடு சேர்ந்து பணம் போட்டு, தம் படங்கள் முடியும்வரை மரங்களை வெட்டாமல் நிறுத்திவைத்தார். சாலை விரிவாக்கத்தில் புளியமரங்கள் சாய்ந்ததைக் கண்ட இப்பகுதிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை உடனே பிடிபடும்.

மலையும் போரும் மட்டுமே இம்ப்ரஷனிசம் என்று நிறுத்திவிடுவதும் சரியில்லை. பெர்த் மொரிசோ 1874 கண்காட்சியில் வைத்த ‘தொட்டில்’ ஒரு தாய் உறங்கும் குழந்தையைப் பார்த்தபடி இருக்கும் காட்சி. மெல்லிய வெள்ளைத் திரையினூடே வரும் ஒளியே அதன் பொருள். அமெரிக்காவிலிருந்து பாரிஸ் வந்து குழுவில் சேர்ந்த மேரி கஸாட், குழந்தையைக் குளிப்பாட்டுவதையும் தேநீர் அருந்துவதையும் தீட்டினார். மதிப்புள்ள பெண்கள் தனியாக வீதியில் நின்று ஓவியம் தீட்ட இயலாத காலத்தில் அவர்கள் வீட்டுக்குள் விழும் ஒளியைப் பிடித்தார்கள். வெளியே அனுப்பத் தயங்கும் பெற்றோர் இருக்கும் ஊர்களில் பெண்பிள்ளைகளுக்கு இது நேரடியாகப் பயன்படும். ராயக்கோட்டைப் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்து சாமந்தி கட்டும் பாட்டியின் மடியில் விழும் வெயில் எந்தக் குளத்துக்கும் குறைந்ததில்லை.

பள்ளிச் செயல்திட்டங்களில் இம்ப்ரஷனிசம் என்ற தலைப்பில் வான்கோவின் ‘விண்மீன் இரவு’ படத்தை ஒட்டிவருவது வழக்கமாகிவிட்டது. அது 1889இல், நினைவிலிருந்தும் கற்பனையிலிருந்தும் பெருமளவு தீட்டப்பட்ட, பிந்தைய இயக்கத்தைச் சேர்ந்த படம். முழுக்கப் புள்ளிகளால் அமைந்த, சோரா என்ற பிரெஞ்சு ஓவியரின் முறையும் அப்படியே. கூடத்தில் உட்கார்ந்து திட்டமிட்டு வைத்த புள்ளிகள் அவை. பஞ்சுக்குச்சிப் பயிற்சி உண்மையில் இவரைத்தான் நகல் எடுக்கிறது. எதிர்மாறான சான்று ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பர்கூர் அருகே மல்லப்பாடியில் பாறையில் வெள்ளை வண்ணத்தில் தீட்டிய தொல்பழங்கால ஓவியங்களில் குதிரை வீரர்கள் போரிடுகிறார்கள். அவற்றில் பொழுதுமில்லை, நிழலுமில்லை. வரைந்தவருக்கு நடந்தது என்ன என்பதே வேண்டியிருந்தது. ஓவியம் என்றாலே ஒளியைப் பிடிப்பதுதான் என்ற புதிய மூடநம்பிக்கை குழந்தையிடம் ஊன்றிவிடாமல் இருக்க, இந்தப் பாறைகளை ஒருமுறை பார்த்துவருவது உதவும்.

நடைமுறையில் பெரிய தடை நேரம். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் ஓவியத்தைப் பெரும்பாலும் பகுதிநேர ஆசிரியர்களே எடுக்கிறார்கள். வாரத்தில் சில நாள்களே வருகிறார்கள். மூன்று பொழுதையும் ஒரே நாளில் தீட்டுவது அவர்களுக்கு இயலாது. காலை வகுப்பு கிடைக்கும் வாரத்தில் காலைப் படம், கடைசிப் பாடவேளை கிடைக்கும் வாரத்தில் மாலைப் படம் என்று ஒரு மாதத்தில் முடிக்கலாம். நின்ற இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துவைத்தால் போதும். மதிப்பெண் விஷயத்தில் தயக்கமின்றி ஒரு முடிவு எடுக்க வேண்டும். கலைத் திருவிழா போன்ற போட்டிகள் கொடுத்த தலைப்பில் உட்கார்ந்து வரையும் திறனை அளக்கின்றன. அது வேறு திறன். இந்தப் படங்களுக்கு எண் போடாமல், ஒரே பொழுதில் தீட்டியவற்றைச் சுவரில் ஒரே வரிசையாக ஒட்டினால், நாற்பது குழந்தைகளின் காலை மலைகள் தமக்குள் ஒத்திருப்பதும் மாலை மலைகளிலிருந்து வேறுபடுவதும் தெரியும். வரிசை மாறி ஒட்டிய படத்தைக் குழந்தைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள். ‘சார், இது சாயந்தரம் போட்டது’ என்று ஒரு பிள்ளை சொன்னால் பாடம் ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

அதன் பிறகு வரும் வகுப்பில், பிடித்துவைத்த கறுப்பு வண்ணப் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கறுப்பே கூடாது என்பது ஆசிரியர் பயிற்சிக்காக வைத்த கட்டுப்பாடே தவிர, அந்த ஓவியர்களின் சட்டமில்லை. 1874இன் அந்த முதல் கண்காட்சியிலேயே ரெனுவார் வைத்த ‘நாடகக்கூட மாடம்’ என்ற படம் இப்போது லண்டனில் கோர்ட்டால்ட் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. அதில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் உடை கறுப்பும் வெள்ளையுமான பட்டைகளால் ஆனது. அருகில் சென்று பார்த்தால் அந்தக் கறுப்புப் பட்டைகளுக்குள் நீலம் ஓடுவது தெரியும். அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டிவிட்டு, வகுப்பில் கறுப்புக் குடையோ கறுப்புச் சீருடைக் காலணியோ ஒன்றைச் சன்னலோரம் வைத்து, அதன் கறுப்பில் எத்தனை நிறங்கள் இருக்கின்றன என்று தீட்டச் சொல்லலாம்.